கறுத்துப்போன பலகைச் சுவருக்கு வெள்ளை அடிக்கலாமா?

குன்னூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாமனார் காலத்தில் வாங்கிய பங்களா. 1920களில் கட்டியது என்பார்கள். முன்னறையில் கணப்படுப்பைச் சுற்றி மூன்று சுவர்களிலும் நெஞ்சுயரத்துக்கு மரப்பலகை அடித்திருக்கிறது. தேக்கு என்கிறார்கள். பார்த்தால் கரி பூசிய மாதிரி இருக்கிறது, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. வெள்ளை பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறேன் நான். வீட்டுக்காரர் கூடவே கூடாது என்கிறார். என்ன செய்யலாம்?"

பெயிண்ட் வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கதவுக்குப் பின்னாலோ சோபா மறைக்கும் இடத்திலோ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பழைய பருத்தித் துணியில் டர்பன்டைன் நனைத்து அங்கே அழுத்தித் துடையுங்கள். துணியில் மஞ்சளும் கறுப்புமாக அழுக்கு வரும். அது பல வருடத்து மெழுகும் கணப்படுப்புப் புகையும். துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை துடைத்துவிட்டு, பக்கத்துப் பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசமே பல வீடுகளில் போதுமானதாக இருக்கும்.

அப்புறம் அதே இடத்தில், பஞ்சில் பாலிஷ்காரர்கள் வாங்கும் ஸ்பிரிட்டைத் தொட்டு அரை நிமிடம் வைத்திருங்கள். மேல்பூச்சு இளகி, பஞ்சு ஒட்டிக்கொண்டு, பழுப்பு நிறம் இறங்கினால் அது அரக்கு பாலிஷ். உங்கள் வீட்டின் வயதுக்கு அதைத்தான் எதிர்பார்க்கிறேன். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் பிற்காலத்தில் அடித்த லாக்கர் என்ற மேல்பூச்சு. இரண்டுக்கும் மசியாவிட்டால் எண்ணெய் வார்னிஷோ பாலியூரித்தேனோ இருக்கலாம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அன்றைக்குக் கணப்படுப்பு எரியவே கூடாது.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தேக்கு கறுப்பு மரம் அல்ல. நூறு வருடம் ஆனாலும் அதன் நிறம் தேன் பழுப்புதான். கறுத்திருப்பது மேலே இருக்கும் பூச்சு. அந்தக் காலத்தில் தேக்கை ஈட்டி மரம்போலக் காட்ட பாலிஷிலேயே கருஞ்சாயம் கலந்து அடிப்பதும் உண்டு. அதன்மேல் வருடாவருடம் மெழுகு, அதன்மேல் புகை. நீங்கள் மூட நினைப்பது மரத்தை, ஆனால் உங்களுக்குப் பிடிக்காதது மரத்தின் மேலிருக்கும் அழுக்கு.

அரக்கு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சுரண்ட வேண்டாம், ஸ்பிரிட் நனைத்த துணியாலேயே பழைய பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடலாம். பிறகு 400 நம்பர் உப்புத்தாளால் மரத்தின் ரேகையோடு மெல்லத் தேய்த்து, மெழுகு நீக்கிய வெளிர் அரக்கை மூன்று நான்கு மெல்லிய கோட்டாக அடிக்கச் சொல்லுங்கள். பாலிஷ்காரர் மெஷினால் இழைக்கிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். கோத்தகிரியில் ஒரு வீட்டில் அப்படி இழைத்துவிட்டார்கள். சட்டங்களைச் சுற்றியிருந்த அரைவட்ட விளிம்புகள் எல்லாம் மழுங்கி, கையால் செதுக்கிய வேலை தொழிற்சாலைப் பலகைபோல ஆகிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நிறத்தைவிட எனக்குக் கவலை தருவது ஈரம். வெளிச்சுவரை ஒட்டிய பலகைகளின் அடிப்பகுதியை ஸ்குரூ டிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினாலோ, தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தாலோ, பின்னால் சுவர் கசிகிறது, அல்லது கறையான் வந்திருக்கிறது. முதலில் அதைச் சரி செய்யுங்கள். ஈரச் சுவர்மேல் எதை அடித்தாலும் உரியும்.

இன்னொன்று. பலகைகள் சட்டத்தின் பள்ளத்துக்குள் ஒட்டப்படாமல் தளர்வாக நிற்கும். மழைக்காலத்தில் விரியவும் கோடையில் சுருங்கவும் ஆசாரி விட்ட இடம் அது. இடைவெளியில் லப்பம் திணித்தாலோ ஆணி அடித்து இறுக்கினாலோ பலகை நடுவில் வெடிக்கும். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். அது முடிந்து ஜனவரி முதல் மார்ச் வரை வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பலகை ஈரத்தில் விரிந்திருக்கும்போது பெயிண்ட் அடித்தால், காய்ந்து சுருங்கியதும் ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் கறுப்புக் கோடு ஒன்று வெளியே தெரியும்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் வெள்ளைதான் வேண்டும் என்றால்? பலகை தேக்கோ ஈட்டியோ என்றால் நான் வேண்டாம் என்பேன். சோதனையில் அது மலிவான மரம் என்று தெரிந்தாலோ, நடுநடுவே பிளைவுட் வைத்து ஒட்டுப்போட்டிருந்தாலோ, ஏற்கெனவே யாரோ பெயிண்ட் அடித்திருந்தாலோ தாராளமாக அடியுங்கள். பழைய பெயிண்ட் இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: அதில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்துங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வேறு இடத்தில் இருக்கட்டும்.

தேக்குக்கே அடிப்பதென்று முடிவானால், அதன் எண்ணெய்ச் சத்து வெள்ளையில் மஞ்சள் திட்டாக ஊறி வரும் என்பதை மறக்காதீர்கள். மரத்தைத் தின்னரால் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கை இரண்டு கோட் அடித்து, லேசாகத் தேய்த்து, அதற்குமேல் ப்ரைமரும் பெயிண்டும். அரக்கு கறையைத் தடுக்கும். பெயிண்ட் மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்காமலும் காக்கும். நாளை உங்கள் மகளோ பேத்தியோ மரத்தைத் திரும்பப் பார்க்க ஆசைப்பட்டால் அவர்களுடைய வேலை பாதியாகும்.

கடைசியாக அறையின் இருட்டு. பலகைக்கு மேலே உள்ள சுவர் இப்போது என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கும் கூரைக்கும் மஞ்சள் கலந்த வெள்ளை அடித்து, ஜன்னலை மறைக்கும் மரக்கிளையைக் கழித்து, ஜன்னலுக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடி மாட்டி, இளமஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்புகளைச் சுவரோரமாக வைத்துப் பாருங்கள். இதை முதலில் செய்யுங்கள், செலவும் குறைவு. சுத்தம் செய்த ஒரு பலகையையும் இந்த வெளிச்சத்தையும் சேர்த்து வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்து இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

மறந்துவிடுவேன்: பாலிஷ் வேலையில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பயன்படுத்தினால், அதைத் தடவித் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.