மது நிறுவனங்களின் பணமும் இதய ஆய்வும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மது நிறுவனங்கள் தரும் பணம் மது ஆராய்ச்சியை வளைத்துவிடுகிறது என்ற உங்கள் குறிப்பைப் படித்தேன். இதய நோயாளியான என் பெரியப்பா, தினமும் கொஞ்சம் ஒயின் நல்லதென்று அமெரிக்க ஆய்வுகளே சொல்கின்றன என்கிறார். என் ஐயம் இதுதான். ஆய்வாளர் எண்களைத் திருத்தாதவரை, பணம் யாருடையதாக இருந்தால் என்ன? பணத்தைக் காட்டி ஆய்வை மறுப்பது விஞ்ஞானிகளின் நேர்மையைப் பழிப்பதாகாதா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

எண்களைத் திருத்தும் மோசடி அரிதானது; நான் அதைச் சொல்லவில்லை. நிதி ஓர் ஆய்வை வளைப்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, எதை அளப்பது, எத்தனை ஆண்டுகள் அளப்பது என்று தீர்மானிக்கும் கட்டத்தில்தான்.

மிதமாகக் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று சொன்ன பழைய ஆய்வுகள், மக்களின் பழக்கங்களைக் கேட்டறிந்து பின்தொடர்ந்தவை. நோய் வந்ததால் குடியை விட்டவர்களும் அவற்றில் பலவற்றில் 'குடிக்காதவர்கள்' கணக்கில் சேர்ந்துவிட்டதால், குடிப்பவர்கள் ஒப்பீட்டில் ஆரோக்கியமானவர்களாகத் தெரிந்தார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்று அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் ஒரு பெரிய பரிசோதனையைத் திட்டமிட்டது. 50 வயதைக் கடந்த 7,800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை நாள்தோறும் ஒரு கோப்பை மது அருந்தவும் மற்றவர்களை அறவே தவிர்க்கவும் சொல்லி, சராசரியாக ஆறு ஆண்டுகள் கவனிப்பது திட்டம். செலவு சுமார் 10 கோடி டாலர். அதில் 6 கோடியே 77 லட்சத்தைத் தர முன்வந்தவை ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ், ஹைனெகென், டியாஜியோ, பெர்னோ ரிக்கார், கார்ல்ஸ்பெர்க் ஆகிய ஐந்து மது நிறுவனங்கள். பணம் ஓர் அறக்கட்டளை வழியாக வரும், ஆகவே ஆய்வில் யாரும் தலையிட முடியாது என்று விளக்கம் தரப்பட்டது.

அந்த ஆறு ஆண்டுகள் என்ற கெடுவைக் கவனியுங்கள். மாரடைப்பும் பக்கவாதமும் அதற்குள் கணக்கில் வந்துவிடும். புற்றுநோய் வராது, அது உருவாகப் பல ஆண்டுகள், சிலவேளை பல பத்தாண்டுகள் ஆகும். நாளுக்கு ஒரு கோப்பையே பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது தெரிந்திருந்தும், அதைப் பிடிப்பதற்கான ஆள் எண்ணிக்கையோ காலமோ அந்தத் திட்டத்தில் இல்லை. அப்படிப்பட்ட பரிசோதனையில் ஒவ்வொரு ஆய்வாளரும் அப்பழுக்கற்ற நேர்மையுடன் உழைத்தாலும், நன்மை இருந்தால் அது தெரியும். தீமை இருந்தாலும் தெரியாது. குலுக்கல் முறை இந்தக் குறையைச் சரிசெய்யாது என்பதையே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

2018 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதன் பின்னணியை வெளியிட்டது. தேசிய சுகாதார நிறுவனத்தின் மது ஆய்வுப் பிரிவு அதிகாரிகளும் சில விஞ்ஞானிகளும், நிதி கோரி மதுத் தொழில்துறையினரை 2013, 2014லேயே சந்தித்திருந்தார்கள். மிதமான குடி பாதுகாப்பானது, நோய்களைக் குறைப்பது என்று காட்டுவதற்கான அரிய வாய்ப்பாகப் பரிசோதனையை அங்கே முன்வைத்திருந்தார்கள். அரசு ஊழியர்கள் இப்படி நன்கொடை கேட்பதை விதிகளே தடுக்கின்றன. பின்னர் நடந்த உள்விசாரணை, இந்தத் தொடர்புகள் சக அதிகாரிகளிடமே மறைக்கப்பட்டதையும், புற்றுநோய், இதயச் செயலிழப்பு போன்ற தீமைகள் பரிசோதனையின் கண்ணில் படாமல் போகக்கூடும் என்பதையும் சுட்டியது. அதே ஆண்டு ஜூனில், நூற்றுச் சொச்சம் பேரே சேர்ந்திருந்த நிலையில், தேசிய சுகாதார நிறுவனத்தின் அன்றைய இயக்குநர் பிரான்சிஸ் காலின்ஸ் பரிசோதனையை நிறுத்தினார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு பத்திரிகையாளர் தோண்டியிராவிட்டால் அது தொடர்ந்திருக்கும் என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

ஆகவே நிறுவனப் பணம் வந்த ஆய்வைக் கண்ணை மூடிக்கொண்டு மறுக்கச் சொல்லவில்லை. 'நிதியளித்தோருக்கு இதில் பங்கில்லை' என்ற கடைசிப் பக்க வரியோடு நின்றுவிடாமல், எதை அளக்காமல் விட்டார்கள் என்று பாருங்கள் என்கிறேன்.

பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: மது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என அந்த அமைப்பு 2023 ஜனவரியில் அறிவித்தது. இதயத்துக்கு மருந்தாக ஒயினைத் தொடங்கவோ தொடரவோ இன்று ஆதாரமில்லை. ஒருவேளை அவர் நெடுநாளாகத் தினமும் அதிகம் குடிப்பவராக இருந்தால், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தாகலாம். மருத்துவரிடம் உள்ளபடி சொல்லிவிட்டு, அவர் சொல்லும் முறையில் நிறுத்தட்டும்.