பழைய மாஸி 1035: ஸ்டீயரிங் ஆட்டம், கேள்வி பதில்

அண்ணே, அப்பா காலத்து மாஸி பெர்குசன் 1035 டிராக்டர். ஸ்டீயரிங்கைக் கால் சுற்று திருப்பினால்தான் சக்கரம் அசைகிறது. ஸ்டீயரிங் பாக்ஸில் (ஸ்டீயரிங் தண்டின் அடியில் பல் இருக்கும் பெட்டி) இருக்கும் ஸ்க்ரூவை முடுக்கினால் போதுமா?

அந்த ஸ்க்ரூவை இப்போதைக்குத் தொடாதீங்க தம்பி. பெரும்பாலும் ஆட்டம் பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும். வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டட்டும். நீங்கள் டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் கை), அதிலிருந்து முன்னால் போகிற கம்பி, கம்பியின் இரு முனை பால் ஜாயிண்ட் (குண்டு மூட்டு), ஸ்பிண்டில் (முன் சக்கரத்தோடு திரும்பும் தண்டு) மேலே உள்ள ஆர்ம் என்று ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்துப் பாருங்கள். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால் தேய்மானம் அங்கேதான்.

அப்புறம் பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு முன்பக்கத்தை ஜாக்கில் தூக்குங்கள். ஆக்சிலுக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் கீழே குனியக் கூடாது. டயரின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் தேய்ந்திருப்பது வீல் பேரிங் அல்லது ஸ்பிண்டில் புஷ் (ஸ்பிண்டில் திரும்பும் உள் குழாய்). தொழி உழவு ஓட்டுகிற வண்டியில் புஷ்தான் முதலில் போகும். சேறு உள்ளே ஏறி அரைத்துவிடும். உழவு முடிந்த அன்றே, பழைய அழுக்கு கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை கிரீஸ் அடியுங்கள்.

மற்ற டிராக்டர்களில் ஒரு கம்பிதான் பாக்ஸிலிருந்து வருகிறது. இதில் ஏன் இரண்டு பக்கமும்?

இது ஹாரி பெர்குசன் 1946-இல் இங்கிலாந்தில் கொண்டுவந்த டிஇ20 வண்டியிலிருந்து வருகிற அமைப்பு. முன் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஸ்டீயரிங் கம்பியின் நீளத்தை மாற்ற வேண்டியதில்லை. நல்ல யோசனை, இன்றைக்கும் எனக்கு அதில் மதிப்பு உண்டு.

பழுது பார்க்கவும் இது உதவும். இரண்டு சக்கரங்களையும் குறுக்கே இணைக்கிற கம்பி கிடையாது. இடமும் வலமும் பாக்ஸுக்குள் இருக்கும் பல்லில்தான் சேர்கின்றன. ஒரு சக்கரம் மட்டும் ஆடினால் முதலில் அந்தப் பக்கத்து மூட்டுகளைப் பாருங்கள். மூட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தும் இரண்டு சக்கரமும் ஒரே அளவு தாமதமாகத் திரும்பினால்தான் பாக்ஸுக்கு வர வேண்டும்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, பாக்ஸ்தான். எப்படி முடுக்குவது?

முதலில் இரண்டு கம்பிகளையும் டிராப் ஆர்மிலிருந்து கழற்றிவிடுங்கள். சக்கரத்தின் பாரம் இருந்தால் கைக்கு எதுவும் தெரியாது. ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்தி, பக்க மூடியில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். டிராப் ஆர்மின் தண்டு உள்ளே வெளியே நகர்வது நின்றதும் நிறுத்த வேண்டும். நட்டை இறுக்கிவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுற்றிப் பாருங்கள். எங்கேயும் பிடிக்கக் கூடாது.

நடுவில் ஆடுகிறது, திருப்பத்தில் பிடிக்கிறது என்றால் பல் நடுவில் தேய்ந்துவிட்டது. வண்டி அதிக நேரம் நேராகத்தான் ஓடுகிறது, அதனால் தேய்வதும் அங்கேதான். அதற்கு மேல் முடுக்கினால் திருப்பத்தில் ஸ்டீயரிங் சிக்கிக்கொள்ளும். பாக்ஸைப் பிரித்துப் பாகம் மாற்றுவது ஒன்றே வழி. பழைய வண்டியில் ஸ்டீயரிங் விளிம்பில் இரண்டு விரல் அகலம் ஆட்டம் இருந்தால் விட்டுவிடலாம்.

பாக்ஸில் ஆயில் ஒழுகுகிறது. கிரீஸ் அடைத்துவிட்டேன், பரவாயில்லையா?

எடுத்துவிடுங்கள் ஐயா. பல் ஒருமுறை ஒதுக்கிய கிரீஸ் தானாகத் திரும்பி வராது, பல் வறண்டுபோய்த் தேயும். ஆயில் ஒழுகாமல் தடுக்கும் சீல் வளையத்தை மாற்றிவிட்டு கியர் ஆயில் ஊற்றுங்கள்.

பட்டறையில் பால் ஜாயிண்டை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். செலவு மிச்சம்தானே?

வேண்டவே வேண்டாம். சூடு பட்ட இரும்பு எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. டிரெய்லரில் ஆட்களோடு ரோட்டில் போகும்போது முறிந்தால் என்ன ஆகும்? புதிது போடுங்கள். கழற்றும் முன் பழைய கம்பியின் நீளத்தை அளந்துகொண்டு, புதியதை அதே அளவுக்கு வையுங்கள். பிறகு சக்கரத்தின் நடு உயரத்தில், முன் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளந்து பாருங்கள். முன்னால் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கலாம், அதிகமாக இருக்கக் கூடாது. இரண்டு கம்பியையும் சமமாகத் திருப்பித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

கரும்பு டிரெய்லர் மாட்டினால் மட்டும் ஸ்டீயரிங் லூசாகிறது.

அது தேய்மானம் இல்லை. பாரம் முன்பக்கத்தைத் தூக்குகிறது, டயருக்கு மண்ணில் பிடி இல்லை. பாரத்தைக் குறையுங்கள், முன்னால் வெயிட் மாட்டுங்கள்.