கையில் சேமிப்பு இருந்தும் கடன் அட்டைக்கு ஏன் வட்டி கட்டுகிறோம்?

வங்கியில் பணம் வைத்திருப்பவர்களே கடன் அட்டை நிலுவையை அடைக்காமல் மாதாமாதம் வட்டி கட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இவர்களில் பலருக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மனத்துக்குள் அந்தப் பணத்தின் மேல் "சேமிப்பு, தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

இப்படிப் பணத்தைப் பிரித்துப் பார்ப்பதை மனக்கணக்கியல் என்று விளக்கியவர் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர். 2017இல் நோபல் பரிசு பெற்றவர். சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர் எதிர்பாராமல் வந்த போனஸைத் தாராளமாகச் செலவழிப்பதும் இதனால்தான்.

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1981இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. நாடகம் பார்க்கப் போகிறீர்கள், டிக்கெட் 10 டாலர். அரங்குக்கு வந்த பிறகு 10 டாலர் நோட்டு ஒன்று தொலைந்தது தெரிகிறது. டிக்கெட் வாங்குவீர்களா? 88% பேர் வாங்குவோம் என்றார்கள். இன்னொரு குழுவிடம், முன்பே வாங்கிய டிக்கெட் தொலைந்திருந்தால் மறுபடி வாங்குவீர்களா என்று கேட்டார்கள். 46% பேர்தான் சம்மதித்தார்கள். இழப்பு இரண்டிலும் அதே 10 டாலர். தொலைந்த டிக்கெட் மட்டும் நாடகச் செலவில் ஏறிவிடுகிறது; ஒரு நாடகத்துக்கு 20 டாலரா என்று மனம் முரண்டுபிடிக்கிறது.

கடனில் இதே மனநிலை வருடக்கணக்கில் நீடிக்கிறது. சேமிப்புக்கு ஆண்டு வட்டி 4%, அட்டை நிலுவைக்கு 30% என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைக்க முடிந்தும் அடைக்காத ஒவ்வொரு 100க்கும் ஆண்டுக்கு 26 கைவிட்டுப் போகிறது. சேமிப்பு குறையவில்லை என்ற நிம்மதிக்கு இது மிக அதிக விலை.

இந்தப் பிரிவினை முழுக்கத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை, படிப்பு, மருத்துவம் என்று ஒதுக்கி வைப்பதால்தான் பல குடும்பங்கள் தாக்குப்பிடிக்கின்றன. சேமிப்பை ஒருமுறை தொட்டால் திரும்பச் சேராது என்ற பயமும் நியாயமானதே. ஆனால் அதிக வட்டிக் கடன் நிற்கும்போது அந்தச் சுவரை உடைத்தே ஆக வேண்டும்.

இருப்பு, கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் வட்டி விகிதத்தோடு எழுதுங்கள். அவசரத்துக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியால் வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். இதுவரை அட்டைக்குக் கட்டிவந்த தொகை அடுத்த மாதத்திலிருந்து தானாகவே சேமிப்புக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். தொட்ட பணம் திரும்பச் சேர்ந்துவிடும்.