ஃபியூஸ் கேரியர் சுடுகிறதென்றால் முதலில் அந்த இரட்டைக் கம்பியைக் கழற்றுங்கள்

கேள்வி: ஆறு வருடப் பழைய 1.5 டன் ஸ்பிளிட் ஏசி, இன்வெர்ட்டர் வகை அல்ல. போட்ட 3 நிமிடத்தில் ஃபியூஸ் போய்விடும். எலக்ட்ரீஷியன் கேரியரில் (ஃபியூஸ் கம்பி கட்டும் பிடியில்) கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டார். இப்போது போவதில்லை, ஆனால் கேரியர் சுடுகிறது. இப்படியே ஓட்டலாமா?

பதில்: கூடாது. ஃபியூஸ் இருப்பது ஏசியைக் காக்க அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரைக் காக்க. கம்பியைத் தடிமனாக்கினால், அடுத்து உருகப்போவது அந்த ஒயர்தான். இன்றே 15 ஆம்பியர் ஒற்றைக் கம்பிக்குத் திரும்புங்கள். காரணம் தெரியும்வரை ஏசியைப் போட வேண்டாம்.

ஃபியூஸ் எப்போது போகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சுவிட்ச் போட்டதுமே "பட்"டென்று வெடித்து, கேரியரில் கரி தெறித்திருந்தால் அது ஷார்ட். எலி கடித்த ஒயரையோ, எரிந்த கம்ப்ரசரையோ தேட வேண்டும். உங்களுடையது அப்படியில்லை. ஸ்டெபிலைசரோ ஏசியோ தாமதம் கொடுத்து, சுமார் 3 நிமிடம் கழித்துத்தான் கம்ப்ரசரைக் கிளப்பும். சரியாக அப்போதுதான் உங்களுக்குப் போகிறது.

நல்ல கம்ப்ரசர் கிளம்பும்போதும் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஆனால் ஒரு நொடிகூட நீடிக்காது, கம்பி தாங்கிவிடும். கிளம்ப முடியாமல் "ம்ம்ம்" என்று முனகி நின்றால் அந்தக் கரண்ட் பல நொடி நீடிக்கும், கம்பி உருகும். ஆகவே என் முதல் சந்தேகம் அவுட்டோர் யூனிட்டில் உள்ள, கம்ப்ரசர் கிளம்பவும் ஓடவும் உதவும் ரன் கெபாசிட்டர்மேல்தான். அதன்மேல் 50 மைக்ரோஃபேரட், ±5% என்று போட்டிருந்தால், மீட்டரில் 47.5க்குக் கீழே காட்டக் கூடாது. தலை உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றுங்கள். சில நூறு ரூபாய்தான். மெயினை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவர் மட்டுமே தொடட்டும்.

கெபாசிட்டர் சரியாக இருந்தால் வோல்டேஜ் பாருங்கள். சும்மா இருக்கும்போது அளப்பதில் பயனில்லை. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில், மீட்டர் போர்டிலும் ஏசி பாயின்ட்டிலும் அளக்க வேண்டும். இரண்டிலும் 200க்குக் கீழே விழுந்தால் பெரும்பாலும் தெருவில் லோ வோல்டேஜ். ஏசி பாயின்ட்டில் மட்டும் விழுந்தால் வீட்டு ஒயர் மெலிது, அல்லது எங்கோ ஜாயின்ட் லூஸ். ஏசிக்கென்று 4 ஸ்கொயர் எம்எம் செப்பு ஒயர் தனியாக வந்திருக்க வேண்டும். கெபாசிட்டரும் வோல்டேஜும் சரியென்றால் கம்ப்ரசரே இறுகியிருக்கலாம். அது செலவுள்ள வேலை, கடைசியில் யோசிக்கலாம்.

கேரியர் சுட்டதில் அதன் பித்தளைப் பிடிகள் தளர்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் 'சி' வகை எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) போடுங்கள்; 'பி' வகை கம்ப்ரசர் கிளம்பும்போதே விழக்கூடும். ஆனால் கோளாறைச் சரிசெய்யாமல் எம்சிபி மட்டும் போட்டால் அதுவும் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

வேலை முடிந்ததும், ஒயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஓடும் கரண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 7–8 ஆம்பியர் அளவில் இருக்கும். அவுட்டோர் ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் கூடினால், கண்டென்சரை (கெபாசிட்டரை அல்ல, அவுட்டோர் யூனிட்டில் வெப்பத்தை வெளியே விடும் தகடுகளை) தண்ணீரடித்துக் கழுவிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.