இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு இயர்போன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1,500 ரூபாய்க்கு ஒயர் உள்ள இயர்போன் வாங்கினேன். இதே மாடலை வாங்கியவர்கள் எல்லாரும் ‘பேஸ் அள்ளுது’ என்கிறார்கள். எனக்கோ தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கிறது. மட்டமான பீஸை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: பீஸைக் குறை சொல்லும் முன் ரப்பர் டிப்பை மாற்றிப் பாருங்கள். காதுக்குள் செருகும் இயர்போனில், ஒலி எழுப்பும் உறுப்பான டிரைவரின் சவ்வுக்கும் உங்கள் செவிப்பறைக்கும் நடுவே உள்ள காற்று வெளியே கசியாமல் அடைபட்டிருந்தால்தான் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வரும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் அந்த வழியே ஓடிவிடும். நடு ஒலியும் உச்ச ஒலியும் மட்டும் மிஞ்சும். நீங்கள் சொல்லும் தகர டப்பா சத்தம் அதுதான்.

பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி டிப் இருக்கும். இயர்போனில் மாட்டி வருவது பெரும்பாலும் நடுத்தரம். பலர் அதைக் கழற்றுவதே இல்லை. பெரியதை மாட்டுங்கள். ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இயர்போனை லேசாகத் திருகியபடி உள்ளே விடுங்கள். மடலை விட்டதும் டிப் இறுகி உட்காரும். பிறகு, கேட்ட ஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றில் 500 ஹெர்ட்ஸ் ஒலியையும், அதே வால்யூமில் 40 ஹெர்ட்ஸ் ஒலியையும் கேளுங்கள். 40 ஹெர்ட்ஸில் இரண்டு காதிலும் உறுமல் கேட்டால் அடைப்பு சரி. இயர்போனை விரலால் மெல்ல அழுத்தும்போது உறுமல் சட்டென்று கூடினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். வாயைத் திறந்து மூடியும் பாருங்கள். தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவம் மாறும், அப்போதும் உறுமல் குறையாமல் கேட்க வேண்டும்.

இரண்டு காதுகளும் ஒரே அளவில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். இடப்பக்கம் நடுத்தரம், வலப்பக்கம் பெரியது என்று மாட்டுவது சாதாரணம். எந்த ரப்பரும் பொருந்தாவிட்டால் ஃபோம் டிப் வாங்குங்கள். அதை விரலில் உருட்டிச் சுருக்கி, காதில் வைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உச்ச ஒலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், சில மாதங்களில் நைந்துபோகும். ஆனால் அடைப்பு நிச்சயம்.

கேள்வி: நான் அதிகம் கேட்பது கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகள். ஒரு இயர்போன் நன்றாக ஒலிக்கிறதா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது?

பதில்: கச்சேரிப் பதிவைவிட நல்ல சோதனைப் பொருள் கிடைப்பது அரிது. தம்புரா, குரல், வயலின், மிருதங்கம் நான்கும் காது கேட்கும் எல்லையின் வெவ்வேறு பகுதிகளைத் தொடுகின்றன. இரண்டு இயர்போன்களை ஒப்பிடுவதாக இருந்தால் முதலில் இரண்டின் சத்த அளவையும் சமப்படுத்துங்கள். ஒன்று கொஞ்சம் உரத்து ஒலித்தாலும் காது அதையே ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். கடையில் நடக்கும் தவறான தேர்வுகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

பாட்டு தொடங்கும் முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளைக் கேளுங்கள். தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே வைக்கும் ஜீவா நூலால் ஒரு மினுமினுப்பு எழும். உச்ச ஒலி குறைந்த இயர்போனில் வெறும் ரீங்காரம்தான் இருக்கும், மினுமினுப்பு இருக்காது. உச்ச ஒலி தூக்கலாக இருந்தால் அதுவே உலோகம் உரசுவது போலக் கீச்சிடும்.

அடுத்து குரல். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு சுமார் 196. விலை குறைந்த இயர்போன்கள் பலவற்றில் பேஸ் வீக்கம் இந்த இடம்வரை ஏறி வந்துவிடும். அப்போது ஆண் குரல் குடத்துக்குள் பேசுவது போல உப்பும், பெண் குரல் அவ்வளவாகக் கெடாது. ஆகவே இரண்டு குரலையும் கேட்டால்தான் குறை எங்கே என்று புரியும். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை பள்ளமாக இருந்தால் பாடகர் பின்வரிசைக்குப் போய்விடுவார், வயலினில் வில் உரசும் ஒலி மறையும். அதே இடம் அளவுக்கு மீறினால் நாதஸ்வரத்தைப் பத்து நிமிடம்கூடக் கேட்க முடியாது.

மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கமான தொப்பியில் கும்கி வாசிக்கும்போது ஒலி கீழிருந்து மேலே வழுக்கி ஏறுவது தெரிய வேண்டும். எல்லா அடியும் ஒரே ‘டம்’ என்று கேட்டால், பேஸ் நிறைய இருக்கிறது, ஆனால் கட்டுப்பாட்டில் இல்லை. வலது பக்கமான வலந்தலை பாடகரின் சுருதிக்குச் சேர்க்கப்பட்டிருக்கும். தொப்பி பலமாக விழும் நேரத்திலும் வலந்தலையின் ஸ்வரம் காதில் விழுந்தால் அந்த இயர்போனை நம்பி வாங்கலாம்.

கடைசியாக, ஸ, ஷ, ச எழுத்துகள் ஊசிபோலக் குத்துகின்றனவா என்று பாருங்கள். இது பெரும்பாலும் 5,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரையிலான கோளாறு. போனின் ஈக்வலைசரில் 6,000 முதல் 8,000 வரை 3 டெசிபல் குறைத்தால் பல மாடல்களில் தீர்ந்துவிடும். பழைய நாடாப் பதிவில் வரும் இரைச்சலுக்கு மட்டும் இயர்போனைப் பழிக்காதீர்கள். அது பதிவிலேயே இருப்பது.

கேள்வி: பெட்டியில் ‘ஹை-ரெஸ் ஆடியோ’ என்று தங்க நிற ஸ்டிக்கர் இருக்கிறது. நான்கு டிரைவர் என்றும் போட்டிருக்கிறது. அப்படியானால் உயர்ந்த தரம்தானே?

பதில்: இல்லை. அந்த ஸ்டிக்கர் இயர்போனிடம் கேட்பது 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி எழுப்பும் திறன். இளம் காதுக்கே எல்லை 20,000தான், வயது ஏற ஏற அதுவும் குறையும். கேட்கும் எல்லைக்குள் ஒலி சீராக இருக்கிறதா என்பதற்கு ஸ்டிக்கரில் பதில் கிடையாது. பல டிரைவர்களை வைத்தால் அவற்றுக்குள் ஒலியைச் சரியாகப் பங்கிட வேண்டும், அதற்குச் செலவாகும். இந்த விலையில் நன்றாக டியூன் செய்த ஒற்றை 10 மி.மீ. டைனமிக் டிரைவரே மேல். மூன்டிராப் சூ 2, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ என்ற இரண்டு மாடல்களும் அப்படிப்பட்டவைதாம்.

கேள்வி: எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்ட விமர்சனங்களில் போடும் வரைபடத்தில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு தெரிகிறது. அது குறையா?

பதில்: அந்த மேடு இருக்கத்தான் வேண்டும். வெளியிலிருந்து வரும் ஒலியை நம் காது மடலும் காதுக் குழாயும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி இயல்பாகவே உயர்த்துகின்றன. இயர்போன் குழாய்க்குள்ளேயே உட்கார்ந்துவிடுவதால் அந்த உயர்வு இல்லாமல் போகிறது, இயர்போன்தான் அதை ஈடுகட்ட வேண்டும். ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவ் குழுவினர் ஹார்மன் நிறுவனத்தில் கேட்பவர்களை வைத்து வகுத்த இலக்குக் கோட்டிலும் இந்த மேடு உண்டு. 8,000 ஹெர்ட்ஸை ஒட்டித் தெரியும் கூர்முனையைத்தான் முழுவதும் நம்பக் கூடாது. அளவிடும் செயற்கைக் காதில் இயர்போன் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பொறுத்து அது இடம் மாறும்.

கேள்வி: வாங்கியதும் கட்டுமானத்தை எப்படிச் சோதிப்பது?

பதில்: மலிவு இயர்போன் சாகும் இடங்கள் இரண்டு: போனில் செருகும் பின்னின் கழுத்து, காதுப் பகுதிக்குள் ஒயர் நுழையும் இடம். எனவே ஒயரைக் கழற்றி மாட்டும் மாடலுக்கு நூறு, இருநூறு கூடக் கொடுக்கலாம். இந்த விலையில் அதிகம் வருவது 0.78 மி.மீ. இரட்டைப் பின். கழற்றும்போது ஆட்டாமல் நேராக இழுங்கள். தினமும் கழற்றி மாட்டினால் துளை தளர்ந்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாகச் செருகிவிட்டால் இரண்டு சவ்வுகளும் எதிரெதிராக அசையும். பேஸ் வற்றிவிடும், குரல் நடுவில் நிற்காது. அப்படித் தோன்றினால் ஒரு பக்கத்தை மட்டும் பிடுங்கித் திருப்பிச் செருகிக் கேளுங்கள்.

டிப் மாட்டும் மூக்குப் பகுதியின் முனையில் சிறிய விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இயர்போனை இழுக்கும்போது டிப் காதுக்குள்ளேயே தங்கிவிடும். இரண்டு ஓடுகள் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டினால் படி தட்டக் கூடாது. காதில் அழுத்தும்போது ‘கிறுக்’ என்று ஒலித்தால், உள்ளே அடைபட்ட காற்று சவ்வை வளைக்கிறது. மெல்லச் செருகினால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. உலோக ஓடு கையில் கனமாக, குளிர்ச்சியாக இருக்கும், அதை மட்டும் வைத்து நல்ல ஒலி என்று முடிவு செய்யாதீர்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இரண்டு சோதனைகளைக் கட்டாயம் செய்யுங்கள். மிதமான சத்தத்தில் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஒலியை மெல்ல ஏற்றுங்கள். எங்காவது கரகரத்தால் சவ்வில் முடியோ தூசியோ தொடுகிறது, அல்லது பசை விட்டிருக்கிறது, உடனே மாற்றிவிடுங்கள். அடுத்து மோனோவில், அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியாக, 200 முதல் 4,000 வரை ஏற்றுங்கள். ஒலி தலையின் நடுவிலேயே நிற்க வேண்டும். 6,000க்கு மேல் சற்று இடம் மாறினால் கவலை வேண்டாம், இரு காதுகளிலும் இயர்போன் உட்காரும் ஆழம் வேறுபடுவதால் அப்படி ஆகும்.

கேள்வி: ஆறு மாதத்தில் ஒரு பக்கம் சத்தம் பாதியாகிவிட்டது. டிரைவர் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. மூக்கில் இருக்கும் நுண்வலையை வெளிச்சத்தில் பாருங்கள், குறும்பி படிந்து அடைத்திருக்கும். டிப்பைக் கழற்றி, மூக்கைத் தரையைப் பார்க்கப் பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் தட்டியபடி தேயுங்கள். போகாவிட்டால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டாத அளவுக்கு மட்டும் தொட்டு, மூக்கு கீழ்நோக்கியே இருக்க, வலையில் ஒற்றுங்கள். பிறகு டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுத்து அரை மணி நேரம் உலரவிடுங்கள். ஊசியால் குத்தினால் வலை கிழியும், அடுத்து சவ்வும் கிழியும். வாயால் ஊதினால் ஈரமும் அழுக்கும் உள்ளே போகும். டிப்பைத் தனியாகச் சோப்பு நீரில் கழுவி, நன்கு காய்ந்தபின் மாட்டுங்கள். கடலோர ஊர்களில் வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து பின்களில் பச்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சிறு டப்பாவில் வைப்பது நல்லது.

கேள்வி: பாட்டில் வாத்தியங்கள் கேட்கின்றன, பாடுபவர் குரல் மட்டும் காணோம். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் வந்துவிடுகிறது. ஏன்?

பதில்: இரண்டு பக்கத்துக்கும் பொதுவான, மின்சாரம் திரும்பிப் போகும் தரை இணைப்பு கிடைக்கவில்லை. அப்போது இரண்டு டிரைவர்களும் தொடராகிவிடுகின்றன. இடது, வலது ஒலிகளின் வித்தியாசம் மட்டுமே கேட்கும். குரலை வழக்கமாக இரு பக்கமும் சமமாகப் பதிவு செய்வார்கள், அதனால் அது கழிந்துபோகிறது. பட்டனை அழுத்தினால் சரியாகிறது என்பதால் உங்கள் ஒயர் நன்றாகவே இருக்கிறது. நான்கு வளையப் பின்னில் மைக்கும் தரையும் இடம் மாறிய இரண்டு வகைகள் உண்டு. இயர்போன் பழைய ஓ.எம்.டி.பி. வகை, போன் சி.டி.ஐ.ஏ. வகையாக இருக்கும். இதற்கென விற்கும் சிறு மாற்றி போதும். பட்டனை அழுத்தியும் குரல் வராதவர்கள் முதலில் போன் உறையைக் கழற்றிவிட்டுப் பின்னை முழுவதும் செருகிப் பார்க்கவும். தடித்த உறை பின்னை நுனியளவு வெளியே நிறுத்திவிடும். அதற்கும் மசியாவிட்டால் பின்னின் கழுத்தில் தரைக் கம்பி அறுந்திருக்கிறது. புதுப் பின் வைத்துப் பற்றவைக்க வேண்டும். உள்ளே இருப்பது எனாமல் பூசிய இழைகள். சால்டரிங் அயர்னின் சூட்டில் பூச்சை எரித்த பிறகே ஈயம் ஒட்டும்.

கேள்வி: என் போனில் 3.5 மி.மீ. துளை இல்லை. தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா?

பதில்: வேண்டாம், டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் டி.ஏ.சி. சில்லு உள்ள டைப்-சி மாற்றி போதும். சில்லு இல்லாத மலிவு மாற்றிகள், சி துளை வழியே அனலாக் ஒலி தரும் சில போன்களில் மட்டுமே வேலை செய்யும். சக்திக் கணக்கையும் பார்த்துவிடலாம்: 16 ஓம் இயர்போனுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 62.5 மில்லிவாட். ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் என்றால் 1 வோல்ட்டில் 123 டெசிபல். காதால் தாங்க முடியாத சத்தம் அது. பெட்டியில் உள்ள எண்களை ஒப்பிடும்போது மில்லிவாட்டுக்கா, வோல்ட்டுக்கா என்று கவனியுங்கள். 16 ஓமில் இரண்டுக்கும் 18 டெசிபல் வித்தியாசம்.

கேள்வி: புது இயர்போனை 50 மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மேம்படுமா?

பதில்: மாறுவது பெரும்பாலும் உங்கள் காதின் பழக்கமும் டிப் உட்காரும் விதமும்தான். முதல் நாள் காதைக் குத்தும் ஒலி, ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பி திருப்பிக் கொடுக்கும் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: தினமும் இரண்டு மணி நேரம் பஸ் பயணம். எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். உங்கள் பயணம் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தொடுகிறது, ஆகவே 85ஐத் தாண்ட இடமில்லை. பஸ் இரைச்சலை மீறவே பலர் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். டிப் சரியாக அடைத்தால் இரைச்சல் வெளியிலேயே நின்றுவிடும், வால்யூமைக் குறைத்தாலும் பாட்டு தெளிவாகக் கேட்கும். வீட்டில் அமைதியான அறையில் வசதியாகக் கேட்கும் அளவைப் பார்த்து வைத்துக்கொண்டு, பஸ்ஸில் அதைவிட இரண்டு படிக்கு மேல் ஏற்றாதீர்கள். இறங்கியபின் காதில் ‘ஙொய்’ என்று இரைந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது. மறுநாள் குறைத்து வையுங்கள். இரைச்சல் அடங்காவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள்.