பிக்கப் வண்டியிலேயே படுத்துச் சமைத்துத் தார் பாலைவனத்தைச் சுற்ற முடியுமா?

கேள்வி: "பின்னால் படுக்கைப் பெட்டி வைத்த பிக்கப் வண்டியில் நண்பர்கள் நாலு பேர் சென்னையிலிருந்து ராஜஸ்தான் பாலைவனம் போக நினைக்கிறோம். சரிப்படுமா, எதைக் கவனிக்க வேண்டும்?"

தாராளமாகச் சரிப்படும். ஆனால் மணல்மேட்டில் வண்டி பறக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறீர்கள் என்றால், அதற்கான வண்டி இது இல்லை. பெட்டி, கட்டில், தண்ணீர் டிரம், காஸ், பேட்டரி எல்லாம் ஏறிய பிக்கப்புக்குப் பாரம் பூராவும் மேலேயும் பின்னாலேயும்தான் இருக்கும். இளமணலில் பின்சக்கரம் அச்சு வரை இறங்கும், சரிவில் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். நாங்கள் வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்திவிட்டு மணலுக்கு நடந்தே போனோம். ஜெய்சல்மேரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் சாம் மணல்மேட்டில் ஒட்டகம், ஜீப், டிஜே என்று ஒரே திருவிழாக் கூட்டம். தென்மேற்கே குரி கிராமத்துப் பக்கம் போனால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

எங்கள் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பதிலில் பாதி அதுதான். நான் திருவொற்றியூர். வண்டி ஓட்டியது தண்டையார்பேட்டை அண்ணன் ஒருவர், துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். கூட அவருடைய மச்சான். நாலாவது ஆள் சௌகார்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பன், நாங்கள் கூப்பிடுவது சேட்டு. பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான், சண்டை என்று வந்தால் அவன் பேசும் மெட்ராஸ் பாஷைக்கு நாங்களே ஒதுங்குவோம். பூர்வீகம் ராஜஸ்தானின் பாலி மாவட்டம் என்பதால் வீட்டில் மார்வாடி பேசுவார்கள். அந்த மார்வாடிதான் எங்களுக்குப் பாதி டீசல்.

பாலைவனம் என்றால் ஆளில்லாத இடம் என்று நினைக்காதீர்கள். தார் பாலைவனத்தில் ஜனம் நிறைய, நீங்கள் வண்டி நிறுத்தும் இடம் யாராவது ஒருவருடைய மேய்ச்சல் நிலமாக இருக்கும், இல்லையென்றால் ஓரண் என்று சாமிக்கு விட்ட காடாக இருக்கும். நம்ம ஊர்க் கோயில்காடு மாதிரிதான், அங்கே ஒரு சுள்ளி கூட ஒடிக்க மாட்டார்கள். அடுப்புக்கு விறகு பொறுக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், காஸ் எடுத்துப் போங்கள். இருட்டுவதற்கு முன்பே ஊருக்குள் போய்ப் பெரியவர் யாரையாவது பார்த்து, சேட்டு "ராம் ராம் சா" என்று ஆரம்பித்துக் கேட்பான், அவர்களே இடம் காட்டுவார்கள். பல இடங்களில் டீயும் வந்தது, ஓர் ஊரில் கம்பு ரொட்டியும் வந்தது. ஆடி மாதக் கூழில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் கம்பு உடனே ஒத்துப்போய்விட்டது. உங்களில் ஒருவருக்காவது இந்தி நன்றாக வரவேண்டும், அது வராமல் போகாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4, 5 லிட்டர் வையுங்கள், சமையலுக்கும் கழுவவும் தனி டிரம். வழியில் தரைக்குள் கட்டிய வட்டமான தொட்டிகளைப் பார்ப்பீர்கள், டாங்கா என்பார்கள். அது மழைத் தண்ணீர், ஒரு குடும்பம் வருஷம் பூராவும் குடிப்பதற்கு வைத்திருப்பது. சராசரி ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக் கூடத் தொடாத மாவட்டம் ஜெய்சல்மேர், சென்னைக்குச் சுமார் 1,400. அதில் வாளி விடாதீர்கள். 2019 கோடையில் சென்னையில் மெட்ரோ வாட்டர் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரத்தை அங்கத்திய ஆட்களைப் போல மணலாலேயே தேய்த்துத் துடைத்துவிடுங்கள், நன்றாகவே போகிறது.

சில ரோடுகளில் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும், அங்கே வேறு வழியில்லை, கடந்துதான் ஆகவேண்டும். டயரில் காற்றைப் பிடுங்கி 20 பிஎஸ்ஐ பக்கம் கொண்டுவாருங்கள், தார் ரோடு ஏறும் முன் திரும்ப அடித்துக்கொள்ள சின்ன கம்ப்ரசர் கட்டாயம். மணலில் நிறுத்த வேண்டி வந்தால் பிரேக் போட்டு நிற்கக் கூடாது, சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்துவிடும். "ஆக்சிலேட்டர விட்ரு, அதுவா நிக்கட்டும்" என்று அண்ணன் கத்திக்கொண்டே இருப்பார். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகை, மண்வெட்டி, இழுவைக் கயிறு. முடிந்தால் இரண்டு வண்டியாகப் போங்கள். சீமைக்கருவேல முள் அங்கேயும் நம்மை விடுவதில்லை, அதனால் பஞ்சர் கிட் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

போவது நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள். ராஜஸ்தானின் பலோதி ஊரில் 2016 மே மாதம் 51 டிகிரி அடித்தது, அந்த வெயிலில் தகரப் பெட்டிக்குள் படுக்கிற ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். குளிர்காலத்தில் ராத்திரி பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும், திருவொற்றியூர் உடம்புக்கு அது தாங்காது, நல்ல கம்பளி வேண்டும். குளிருகிறதே என்று கரியடுப்பையோ காஸ் அடுப்பையோ உள்ளே எரியவிட்டுக் கதவை மூடிப் படுக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும்.

பாகிஸ்தான் எல்லைப் பக்கம் இருக்கும் தனோட் மாதா கோயில், லோங்கேவாலா பக்கம் கட்டாயம் போங்கள், 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் விழுந்து வெடிக்காத குண்டுகளைத் தனோட் கோயிலிலேயே வைத்திருக்கிறார்கள். கோயிலைக் கவனிப்பது எல்லைப் பாதுகாப்புப் படை. டீசலை ஜெய்சல்மேரிலேயே நிரப்பிவிடுங்கள். எல்லையை ஒட்டி அனுமதி இல்லாமல் போகக் கூடாது, டிரோன் பறக்கவிடும் ஆசையும் வேண்டாம். வெளிநாட்டுக்காரர்கள் சொல்கிறார்களே என்று சாட்டிலைட் போன் வாங்கிப் போகாதீர்கள், இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

கடைசியாக வண்டி. மாதவரம் பக்கம் பாடி கட்டுகிறவர்கள் நீங்கள் கேட்கிற மாதிரி பெட்டி செய்து கொடுப்பார்கள். ஆனால் பதிவுச் சான்றில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, அதனால் கட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நாலு பேரும் கேபினில் உட்காருகிற டபுள் கேப் வண்டியாகப் பாருங்கள், ஓடும்போது பெட்டிக்குள் ஆள் உட்காரக் கூடாது. ஜெய்சல்மேர் 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேராவது வேண்டும், எங்களுக்கு அண்ணனும் அவர் மச்சானும் மாறி மாறி ஓட்டினார்கள், சேட்டுக்கு மட்டும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவே இல்லை.