பாதியில் நின்ற பழைய ஃபோர்டு: கேள்வி பதில்

கேள்வி: 1931ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ கூப் (இரண்டு கதவுக் கார்) ஒன்றை ஓஹையோவில் வாங்கியிருக்கிறேன். முன்பு வைத்திருந்தவர் ஸ்ட்ரீட் ராடாக, அதாவது பழைய உடலும் பிற்கால எஞ்சினும் கொண்ட வண்டியாக, மாற்றத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். சேசிஸில் (அடிச்சட்டத்தில்) ஷெவ்ரொலே 350 வி8 எஞ்சின் ஏற்றப்பட்டிருக்கிறது. முன் அச்சு மாட்டியாயிற்று. பிரேக்கும் வயரிங்கும் இல்லை. மற்றவை பெட்டிகளில் கிடக்கின்றன. கையில் ஆறாயிரம் டாலர் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: பெட்டிகளில் தொடங்குங்கள். அவற்றைக் கொட்டிப் பிரித்து எழுதி முடிக்கும்வரை ஒரு போல்ட்டுகூட வாங்காதீர்கள். பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின், மூன்று வேகக் கியர் பெட்டி, கம்பிச் சக்கரங்கள், மூல விளக்குகள் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். உங்களுக்கு அவை வேண்டாம். மாடல் ஏ காரை மூல வடிவிலேயே வைத்திருப்பவர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபர்தோறும் கூடும் பழைய உதிரிபாகச் சந்தையில் அவை விலைபோகும். உங்கள் ஆறாயிரம் வளர்வதற்கு அது ஒன்றுதான் வழி.

அடுத்தது சேசிஸ். மாடல் ஏ காரின் அடிச்சட்டம் 40 குதிரைத்திறன் எஞ்சினுக்காகச் செய்யப்பட்ட மெல்லிய சி வடிவச் சட்டம். அதில் வி8 ஏற்றினால், திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டிச் சட்டமாக்க வேண்டும். உங்கள் முன்னவர் அதைச் செய்திருப்பார். கேள்வி, எப்படிச் செய்திருக்கிறார் என்பதுதான். முன்னவர் வைத்த வெல்டை நம்பாதீர்கள். கம்பி பிரஷ் கொண்டு பெயின்டை முழுக்க நீக்குங்கள். வெல்டு தகட்டின் மேல் கயிறு போட்டதுபோலப் புடைத்து நின்றால் அது உள்ளே இறங்கவில்லை. ஓரத்தில் பள்ளம் ஓடினால் அங்கே தகடு மெலிந்துவிட்டது. பின்புறம் எட்டிப் பாருங்கள், சூடு ஊடுருவிய நீலக்கறுப்புத் தடம் தெரிய வேண்டும். ஐயம் இருந்தால் சிவப்புச் சாயச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். சாயத்தை அடித்து, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தெளித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் மயிரிழைபோலச் சிவப்புக் கோடு எழும்பி வரும். எஞ்சின் தாங்கி, ஸ்டீரிங் பெட்டியின் தாங்கி, பின் சஸ்பென்ஷன் இணைப்பு ஆகிய மூன்று இடங்களில் அந்தக் கோட்டைக் கண்டால் வெட்டியெடுத்து மறுபடி பற்றவைக்கச் சொல்லுங்கள். பணம் கொடுத்து நல்ல வெல்டரிடம் செய்ய வேண்டிய வேலை இது.

பிறகு ஸ்டீரிங், பிரேக், எரிபொருள், குளிர்விப்பு, வயரிங், இந்த வரிசையில். பெயின்ட் இல்லாமல், இருக்கைக்குப் பதில் ஒரு பெட்டியைக் கட்டிவைத்தாவது, வண்டி தன் சொந்த பலத்தில் முற்றத்தைச் சுற்றி வந்து நிற்க வேண்டும். அதன்பின் மொத்தமும் கழற்றி அழகுபடுத்தலாம். பாதியில் நின்ற வண்டிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன: பளபளக்கும் பொருள்களுக்குப் பணம் செலவாகி முடிந்து, பிரேக் குழாய் வளைக்கும் வேலை தொடங்குகிற இடம். உங்கள் பணம் அந்த இடத்திலிருந்து செலவாக வேண்டும்.

கேள்வி: எந்த நிறம் அடித்தால் நன்றாக இருக்கும்?

பதில்: வண்டி ஓடி நின்ற பிறகு கேளுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரீட் ராட் என்றால் சரியாக என்ன?

பதில்: 1948 அல்லது அதற்கு முந்தைய மாதிரி காரின் உடலை வைத்துக்கொண்டு, அடியில் பிற்கால எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் பொருத்திச் சாலையில் ஓட்டுவது என்பது பழைய வரையறை. அமெரிக்காவில் இதற்கான முதல் தேசியக் கூடல் 1970இல் இல்லினாயின் பியோரியாவில் நடந்தது.

கேள்வி: விற்றவர் கொடுத்த டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) உள்ள எண் வண்டியில் எங்கும் இல்லை. என்ன செய்வது?

பதில்: இதை வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் வழி இருக்கிறது. மாடல் ஏ காரில் எண் இரண்டு இடங்களில் பொறிக்கப்பட்டது: எஞ்சினின் இடப்பக்கம் ஓர் இடத்தில், சேசிஸின் இடது சட்டத்தின் மேல்பரப்பில் மற்றோர் இடத்தில். சேசிஸ் எண்ணைக் கார் உடல் மூடிக்கொண்டிருக்கும். டைட்டிலில் உள்ளது எஞ்சின் எண்ணாக இருந்து, அந்த எஞ்சினை எவரோ என்றோ விற்றுவிட்டால், நீங்கள் எத்தனை முறை தேடினாலும் வெளியே கிடைக்காது. உடலின் போல்ட்டுகளைத் தளர்த்தி இடப்பக்கம் சற்றுத் தூக்குங்கள். துருவை மெதுவாக, சுரண்டாமல், எண்ணெயும் துணியும் கொண்டு நீக்குங்கள். எண் பொருந்தினால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் உங்கள் மாநில மோட்டார் வாகன அலுவலகத்தில் ஆய்வுக்கு எழுதிக் கொடுங்கள். புதிதாக எண் பொறித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது சிறைக்குப் போகும் குற்றம்.

கேள்வி: 1933 ஷெவ்ரொலே ஒன்று, இதேபோல் பாதியில் நின்றது, ஃபோர்டைவிட மிகவும் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: அது மலிவாக இருப்பதற்குக் காரணம் தகட்டுக்கு உள்ளே இருக்கிறது. அக்கால ஷெவ்ரொலேயின் உடல் மரச்சட்டத்தின்மேல் தகடு அறைந்தது. கதவைத் திறந்து, கீல் பக்கம் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கதவோடு சேர்ந்து தூணும் ஆடினால் மரம் உளுத்துவிட்டது. மரவேலை உங்களுக்குக் கைவரும் என்றால் வாங்குங்கள். கூலிக்குச் செய்ய வேண்டுமென்றால் ஃபோர்டின் விலையைத் தாண்டிவிடும்.

கேள்வி: கோவையில் என்னிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கிறது. இதேபோல் வி8 வைத்து மாற்ற முடியுமா, அண்ணா?

பதில்: வேண்டாம், தம்பி. பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. வண்டிக்கு ஐம்பது வயது கடந்து, மூல வடிவில் இருந்தால் 2021ஆம் ஆண்டு விதிப்படி விண்டேஜ் பதிவு பெறலாம். அந்த வழியைப் பாருங்கள். மற்றதை உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்தால் பிரேக் திரவத்தைத் தள்ளும் உருளையை) காலடித் தளத்துக்குக் கீழே பொருத்தியிருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் குழாயிலிருந்து பலமுறை காற்று எடுத்தாகிவிட்டது. மூன்று முறை மிதித்தால்தான் பிரேக் பிடிக்கிறது. பெரிய மாஸ்டர் சிலிண்டர் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்காதீர்கள், துளை பெரிதானால் மிதிப்பது இன்னும் கடினமாகும். உங்கள் மாஸ்டர் சிலிண்டர் சக்கரங்களில் உள்ள சிலிண்டர்களைவிடத் தாழ்வாக இருக்கிறது. நீங்கள் காலை எடுத்ததும் திரவம் பின்னோக்கி இறங்கிவிடுகிறது. குழாயில் சிறிது அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ரெசிடுவல் வால்வு ஒன்று டிஸ்க் பக்கத்துக்கு 2 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவிலும், டிரம் பக்கத்துக்கு 10 பிஎஸ்ஐ அளவிலும் வேண்டும். மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 10 பிஎஸ்ஐ வால்வை டிஸ்க்கில் போட்டால் பட்டைகள் உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் கொதிக்கும். பிறகு பெடலை அளந்து பாருங்கள். கீல் முள்ளிலிருந்து கால் வைக்கும் இடம்வரை உள்ள தூரம், கீல் முள்ளிலிருந்து தள்ளுகோல் வரை உள்ள தூரத்தைப்போல் ஆறு மடங்கு இருந்தால், பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டும் கருவி) இல்லாத பிரேக்குக்குச் சரி. இது உங்கள் முன்னவர் செய்த பெடல் என்றால் அதன் வெல்டையும் பாருங்கள். முழு பலத்தோடு மிதிக்கும்போது உடைந்துபோகக் கூடாத பொருள் அது.

கேள்வி: முதல் கேள்விக்கு நீங்கள் தந்த பதிலில் எனக்கு உடன்பாடில்லை. 1931ஆம் ஆண்டின் அசல் உருக்கு உடல் அது. அதில் ஷெவ்ரொலே எஞ்சினை வைப்பது வரலாற்றை அழிப்பது. திரும்பவும் மூல வடிவத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்க வேண்டாமா?

பதில்: குலையாத, முழு மாடல் ஏ காரை ஒருவர் வெட்டப்போனால் நானும் உங்களோடு நின்று தடுப்பேன். ஆனால் இவருடைய காரில் சட்டம் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டது. மூல வடிவத்துக்குத் திரும்ப வேறு சேசிஸ், வேறு பின் அச்சு, எஞ்சின் பேரிங்குகளை வார்த்துக் கடைவதற்கு ஒரு தேர்ந்த கைவினைஞர் எல்லாம் வேண்டும். ஃபோர்டு ஏறத்தாழ 48 லட்சம் மாடல் ஏ கார்களைச் செய்தது. மூல வடிவில் பேணப்படுபவை ஏராளம். இந்த ஒரு கார் சாலைக்கு வருவதா, இன்னொரு கொட்டகையில் துருப்பிடிப்பதா என்பதுதான் இங்கே கேள்வி.

கேள்வி: சரி, மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஃபோர்டில் ஃபோர்டு எஞ்சின் வைக்கலாமே? ஃபோர்டின் 302 வி8 இருக்கிறதே!

பதில்: இருக்கிறது, நல்ல எஞ்சின், அகலமும் குறைவு. தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருப்பதால், எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டை வெட்ட வேண்டாம். 350இல் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருப்பதால் தகட்டை உள்வாங்கச் செய்ய நேரிடும். ஆனால் 302இன் தண்ணீர் பம்பு முன்னால் நீண்டு ரேடியேட்டரை முட்டும். ஃபோர்டின் மஸ்டாங் காரில் வந்த ஆயில் பான் (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) முன்பக்கம் ஆழமானது, குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். பானை மாற்ற வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு 302ஐப் பரிந்துரைப்பேன். இவருக்கு 350 ஏற்கெனவே தாங்கியில் உட்கார்ந்திருக்கிறது. கையில் இருப்பதைக் கழற்றிவிட்டு வேறு வாங்குவது இன்னொரு முறை பாதியில் நிற்பதற்கான வழி.

கேள்வி: இரண்டும் வேண்டாம். 1932இல் வந்த ஃபோர்டின் பழைய ஃபிளாட்ஹெட் வி8தான் இந்தக் காருக்கு அழகு.

பதில்: அழகு என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அந்த ஒலிக்கு ஈடு கிடையாது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன், எளியவர் வாங்கும் விலையில் வி8 கொடுத்த முதல் எஞ்சின். ஆனால் அதன் புகை எஞ்சின் உடம்புக்குள் புகுந்து வெளியே போகிறது. குளிர்விக்கும் நீர் சூடாவது அதனால்தான். வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விழுவது வழக்கம். ஒரு டாலர் செலவிடுமுன் உடம்பைக் காந்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆறாயிரம் டாலர் வைத்திருப்பவரை அந்தப் பாதையில் நான் அனுப்ப மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் மூல வடிவத்தை விரும்புபவர்கள் தவறு என்கிறீர்களா?

பதில்: இல்லை. அவர்கள்தான் இந்த வண்டியின் பழைய உதிரிபாகங்களை வாங்கி, இதன் பிரேக்குக்குப் பணம் கொடுக்கப்போகிறவர்கள். இந்த விவாதம் இதோடு போதும்.

கேள்வி: மொத்தம் எவ்வளவு செலவாகும், ஐயா?

பதில்: இதையே பலர் அனுப்பியிருக்கிறீர்கள். பெட்டியில் என்ன இருக்கிறது, வெல்டு எப்படி இருக்கிறது என்று எழுதாதவர்களுக்குத் தொகை சொல்ல முடியாது.

கேள்வி: வெல்டு செய்யும் முன் துரு, எண்ணெய் போக பிரேக் கிளீனர் ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்: இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொட்டகையில் ஒட்டுங்கள்: குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் அருகே வெல்டு செய்யாதீர்கள். அதில் உள்ள டெட்ராகுளோரோஎத்திலீன், வெல்டு ஒளியிலும் சூட்டிலும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். சிறிதளவே உயிரை வாங்கும். டின்னின் பின்புறம் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். வெல்டு செய்யும் இடத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, அது முழுக்க ஆவியான பிறகு, துணியையும் டின்னையும் வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய பெட்ரோல் டேங்க்கை வீட்டில் வெல்டு செய்யவே கூடாது. மாடல் ஏ காரில் டேங்க் கண்ணாடிக்கு முன்னால், உங்கள் முழங்காலுக்கு மேலேயே இருக்கிறது. ஓட்டை விழுந்திருந்தால் பின்னால் புதிய டேங்க் வையுங்கள்.

கேள்வி: முன் அச்சு, ஸ்டீரிங் கைகள் எல்லாம் குரோம் பூசிக் கொடுத்திருக்கிறார் முன்னவர். அவற்றை அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: பூச்சுப் போட்ட கடை யார், பூசியபின் அடுப்பில் சுட்டார்களா என்று கேளுங்கள். குரோம் பூசும்போது ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். சுட்டு வெளியேற்றாவிட்டால் வளையாமல் முறியும். பதில் கிடைக்காவிட்டால் ஸ்டீரிங் கைகளையும் இணைப்புக் கோல்களையும் பூச்சில்லாத புதியவற்றால் மாற்றுங்கள். அச்சைச் சோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: விற்றவர் சேசிஸ் வேலையைத் தொழில்முறை வெல்டர் செய்தார் என்று சொல்கிறார். அதையும் பிரஷ் போட்டுச் சோதிக்க வேண்டுமா?

பதில்: வேண்டும். பெயின்டை நீக்கி, சாயம் தெளித்து, மூன்று இடங்களின் படத்தையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.